துண்டை அமுக்குங்கம்மா

திருச்சி தில்லைநகரில் எலும்பு மருத்துவமனைகளுக்குப் பஞ்சமில்லை. அப்படி ஒன்றின் தரைத்தளத்தில், எக்ஸ்ரே அறையைத் தாண்டி, ஜெனரேட்டர் சத்தம் கேட்கும் மூலையில் இருக்கிறது பிசியோதெரபி அறை. ஆபரேஷன் தியேட்டர் உள்ள மாடியில் கிரானைட் தரை, ஏ.சி., கண்ணாடிக் கதவு. இங்கே ஒரே ஒரு சீலிங் ஃபேன். பச்சை ரெக்ஸின் ஒட்டிய நாலு கட்டில், நின்ற இடத்திலேயே மிதிக்கும் சைக்கிள், பிடித்துக்கொண்டு நடக்க இரண்டு பக்கமும் இரும்புக் கம்பி, எங்கேயும் போய்ச் சேராத மூன்றுபடி மரப்படிக்கட்டு. அலமாரியில் அரைக் கிலோ, ஒரு கிலோ, இரண்டு கிலோ என்று மார்க்கர் பேனாவால் எழுதிய மணல்பைகள்.

தோள்பட்டை இறுகிப்போன அக்காவைத் திரைக்கு அந்தப் பக்கம் அனுப்பிவிட்டு, கூட வந்தவர்களுக்கான பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறேன். இந்த நாற்காலியில் இருப்பவரை யாரும் ஒன்றும் கேட்பதில்லை. கேட்காத வரைக்கும் பார்த்துக்கொண்டிருக்கலாம்.

ஜன்னலோரக் கட்டிலில் ஸ்ரீரங்கத்துப் பூக்கார அம்மா. ஐம்பதை ஒட்டிய வயது. வலது முட்டியில், சில்லுக்கு இரண்டு பக்கமும் பொட்டளவில் இரண்டு தழும்பு. ஒருநாள் குத்துக்காலிட்டு உட்கார்ந்து பூக்கட்டிவிட்டு எழுந்தவருக்குக் கால் மடங்கியது மடங்கியபடியே நின்றுவிட்டது. கிழிந்த ஜவ்வின் ஒரு பகுதி புரண்டு மூட்டுக்கு நடுவில் செருகிக்கொண்டதாம். துளை போட்டு அந்தத் துண்டை வெட்டி எடுத்தார்கள். கால் நிமிர்ந்துவிட்டது, வலியும் போய்விட்டது என்கிறார். "ஆனா எங்காலு மாதிரி இல்ல பாப்பா, யாரோட காலோ மாதிரி இருக்கு."

பாப்பா என்று அவர் சொல்வது தெரபிஸ்ட்டை. இருபத்தைந்து, இருபத்தாறு வயதிருக்கும். கழுத்தில் ஸ்டெதாஸ்கோப் தொங்கும் இடத்தில் இஞ்ச் டேப் தொங்குகிறது. அடுத்த கட்டிலில் இருக்கும் ஓய்வுபெற்ற கண்டக்டர் அவரை "மேடம்" என்கிறார். மணப்பாறைப் பக்கத்துக் கபடிப் பையன் "அக்கா" என்கிறான். மூன்று அழைப்புக்கும் ஒரே மாதிரித்தான் திரும்பிப் பார்க்கிறார்.

ஒரு துண்டைச் சுருட்டிப் பூக்கார அம்மாவின் முட்டிக்கு அடியில் வைக்கிறார்.

"துண்ட அமுக்குங்கம்மா."

"அமுக்குறேனே."

"இடுப்பத் தூக்குறீங்க. முட்டியால அமுக்கணும். தொடைய இறுக்கிப் பிடிங்க."

"பிடிச்சுத்தான் இருக்கேன்."

தொடை அசையவில்லை. அந்த அம்மா பொய் சொல்லவில்லை. முகம் சிவக்கிறது, பல்லைக் கடிக்கிறார், இடது கால் விறைக்கிறது, இரண்டு கையும் விரிப்பின் ஓரத்தைப் பற்றுகின்றன. உடம்பு முழுக்க அமுக்குகிறது, அமுக்க வேண்டிய இடத்தைத் தவிர. முட்டிச் சில்லுக்கு மேலே உள்பக்கமாகப் புடைக்க வேண்டிய சதை தளர்ந்தே கிடக்கிறது. தெரபிஸ்ட் அந்த இடத்தில் இரண்டு விரலை வைத்து லேசாகத் தட்டுகிறார். "இங்க. இந்த இடத்துக்குச் சொல்லுங்க."

இதைச் சோம்பல் என்று நினைக்கிற வீட்டாரைப் பார்த்திருக்கிறேன். "பயந்துக்கிட்டு பண்ண மாட்டேங்குறாங்க" என்று கூட வந்த மருமகளும் சொல்லிப் பார்க்கிறார். உள்ளே நடப்பது வேறு. மூட்டுக்குள் நீர் கோத்து உறை விரிந்தால், அங்கிருக்கும் நரம்புகள் முதுகுத்தண்டுக்குச் செய்தி அனுப்புகின்றன. தண்டுவடம் தொடையின் முன்தசைக்குப் போகும் கட்டளையை அங்கேயே மட்டுப்படுத்திவிடுகிறது. மூளை எவ்வளவு கத்தினாலும் தசைக்குப் பாதிதான் கேட்கும். இதற்கு நிறைய நீர் வேண்டியதில்லை. நல்ல முட்டிகளுக்குள் உப்புநீரைச் செலுத்திப் பார்த்த ஆய்வு ஒன்று 1984இல் வந்தது. உள்பக்கத் தசையை அடக்க 20, 30 மில்லி போதுமாக இருந்தது. தொடையின் மற்றத் தசைகளுக்கு 50, 60 மில்லி தேவைப்பட்டது. இருமல் மருந்து பாட்டிலின் மூடியில் இரண்டு மூன்று தடவை ஊற்றுகிற நீர், ஒரு மனுஷியின் தொடையை அவரிடமிருந்தே பிடுங்கி வைத்துக்கொள்கிறது. அறுவை செய்த டாக்டரின் கத்தி அந்தத் தசையைத் தொடவே இல்லை என்பதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

தெரபிஸ்ட் ஐஸ் பையைக் கொண்டுவந்து முட்டியின் மேல் கட்டுகிறார். பிறகு தொடையில் இரண்டு பட்டைகளை ஒட்டி, மின்தூண்டல் கருவியின் குமிழைத் திருப்புகிறார். சதை தானாகத் துள்ளுகிறது. பூக்கார அம்மா ஐயோ என்று சிரித்துவிட்டார். "இப்ப அது தூக்கும்போது நீங்களும் சேர்ந்து தூக்குங்க. ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு, அஞ்சு. விடுங்க." எத்தனை முறை என்று நான் எண்ணவில்லை. ஆனால் ஒரு கட்டத்தில், கருவி ஓய்ந்திருந்த நேரத்தில், அந்தச் சதை கொஞ்சமாகப் புடைத்து அடங்கியதைப் பார்த்தேன். தெரபிஸ்ட்டும் பார்த்தார். ஒன்றும் சொல்லாமல் துண்டைச் சரிசெய்தார்.

ஓய்வு கொடுக்கும் நேரத்தில் ஜன்னல் திட்டில் இருந்த பிளாஸ்டிக் முட்டியை எடுத்துக் காட்டுகிறார். தொடையெலும்பு உருண்டை, கீழே காலெலும்பு தட்டை. உருண்டைக்கும் தட்டைக்கும் நடுவில் பிறை வடிவில் இரண்டு வளையம், அதுதான் ஜவ்வு.

"தலையில கூடை வைக்கிறப்ப சும்மாடு வைப்போமே, அதாட்டமா?" என்கிறார் பூக்கார அம்மா.

"அதேதாம்மா."

நான் வாசித்த எந்த மருத்துவக் கட்டுரையும் இதைவிடத் தெளிவாகச் சொன்னதில்லை. பாரத்தை ஒரே இடத்தில் இறங்கவிடாமல் பரப்புவதுதான் அந்தப் பிறைகளின் தொழில். முன்பெல்லாம் கிழிந்தால் முழுவதையும் எடுத்துவிடுவார்கள், உபயோகமற்ற உறுப்பு என்ற நினைப்பில். அப்படி எடுக்கப்பட்ட முட்டிகளை எக்ஸ்ரே வைத்துப் பார்த்து, மூட்டு இடைவெளி குறைகிறது, எலும்பு தட்டையாகிறது, ஓரத்தில் வரப்பு கட்டுகிறது என்று 1948இல் எழுதினார் ஃபேர்பேங்க் என்ற பிரிட்டிஷ் மருத்துவர். 1986இல் மார்க் பாரட்ஸும் உடன் பணியாற்றியவர்களும் இறந்தவர்களின் முட்டிகளில் இதை அளந்தே காட்டினார்கள். முழு ஜவ்வையும் எடுத்தால் எலும்புகள் தொட்டுக்கொள்ளும் பரப்பு 75 சதவீதம் சுருங்கி, உச்ச அழுத்தம் மூன்று மடங்குக்கு மேல் போனது. கிழிந்த பகுதியை மட்டும் நறுக்கினால் பரப்பு 10 சதவீதம்தான் குறைகிறது, ஆனாலும் அழுத்தம் 65 சதவீதம் ஏறுகிறது. பூக்கார அம்மாவுக்கு நறுக்கியது சிறு துண்டுதான். சிறு துண்டுக்கும் கணக்கு உண்டு.

கண்டக்டர் ஐயா அதுவரை சும்மா இருந்ததே பெரிது.

"அவங்களுக்குப் பண்ணீங்க. எனக்கு மட்டும் ஏன் மேடம் பண்ண மாட்டேங்குறாங்க? எம்.ஆர்.ஐ.யில கிழிசல்னு தெளிவா எழுதியிருக்கு. காப்பீட்டு அட்டையும் இருக்கு."

பெரிய பிளாஸ்டிக் கவரைத் தட்டிக் காட்டுகிறார். அதற்குள் இருக்கும் படத்துக்குக் கொடுத்த பணத்துக்கு ஒரு ஆபரேஷனாவது நடக்க வேண்டாமா என்கிற வருத்தம் முகத்தில் தெரிகிறது. தெரபிஸ்ட், டாக்டர் பெயரைச் சொல்லிச் சமாளிக்கிறார். காரணம் இருக்கிறது. அவருடையது தேய்மானத்தில் நைந்த கிழிசல், கால் எங்கும் சிக்கிக்கொள்ளவில்லை. இந்த வகைக்காரர்களில் 35 முதல் 65 வயதுக்குட்பட்ட 146 பேரை வைத்து ஃபின்லாந்தில் ஒரு சோதனை செய்தார்கள். பாதிப் பேருக்கு ஜவ்வை நறுக்கினார்கள். மீதிப் பேருக்கு நறுக்குவதுபோல் பாவனை மட்டும் காட்டினார்கள். யாருக்கு எது நடந்தது என்று நோயாளிகளுக்குச் சொல்லவில்லை. ஒரு வருஷம் கழித்து இரண்டு கூட்டத்துக்கும் வலியில் வித்தியாசம் இல்லை. 2013இல் வெளிவந்த இந்த முடிவைக் கண்டக்டரிடம் யாராவது சொன்னாலும் அவர் நம்பப்போவதில்லை. வெட்டாமல் விட்ட டாக்டரை நம் ஊரில் கெட்டிக்காரர் என்று யாரும் சொல்வதில்லை.

அவரை நடக்கச் சொல்கிறார் தெரபிஸ்ட். கதவிலிருந்து கம்பி வரை, கம்பியிலிருந்து கதவு வரை. முப்பது வருஷம் ஓடும் பஸ்ஸில் கம்பியைப் பிடிக்காமல் நின்று டிக்கெட் கிழித்த கால்கள். அந்தக் கால்கள் இன்று தரையைச் சந்தேகப்படுகின்றன.

பார்க்கத் தெரிந்துவிட்டால் இது தெருவில் போகிற எல்லோரிடமும் தெரியும். குதிகால் தரையில் படுகிற கணத்தில் நல்ல முட்டி கொஞ்சம் மடங்கிக் கொடுக்கும், 15, 20 பாகை. தொடையின் முன்தசை நீண்டுகொண்டே இழுத்துப் பிடித்து அந்த இறக்கத்தைக் கட்டுப்படுத்தும். உடம்பு தொம்மென்று விழாமல் இறங்குவது இதனால்தான். தொடை வலுவிழந்தவருக்கு முட்டியை மடக்கப் பயம், மடக்கினால் தாங்காது என்று காலுக்கே தெரிந்திருக்கிறது. ஆகவே விறைத்த காலோடு தரையை மிதிக்கிறார். தசை வாங்கியிருக்க வேண்டிய அதிர்ச்சியை எலும்பு முனையும் குருத்தெலும்பும் வாங்குகின்றன. கண்டக்டர் அப்படித்தான் நடக்கிறார். ஒவ்வொரு அடிக்கும் வலது செருப்பின் சத்தம் மட்டும் தனியாகக் கேட்கிறது.

"வயிறு கொஞ்சம் குறைச்சீங்கன்னா நல்லாயிருக்கும் சார்."

"அது பென்ஷன் வந்தப்புறம் வந்தது மேடம்."

தெரபிஸ்ட் சிரிக்கவில்லை. உடல் எடையில் ஒரு கிலோ குறைந்தால் ஒவ்வொரு அடியிலும் முட்டிமேல் நாலு கிலோ பாரம் குறையும் என்று 2005இல் வெளிவந்த அமெரிக்க ஆய்வு ஒன்று கணக்கிட்டுச் சொன்னது. பாரம் மடங்காகத்தான் இறங்குகிறது. பெர்லினில் ஒரு குழு, செயற்கை மூட்டுக்குள்ளேயே அளவுகருவி வைத்துப் பொருத்தி, அந்த முட்டிக்காரர்கள் நடக்கும்போதும் ஏறி இறங்கும்போதும் உள்ளே என்ன நடக்கிறது என்று பதிவுசெய்து 2010இல் வெளியிட்டது. சமதரையில் நடந்தால் உடல் எடையைப்போல் 2.6 மடங்கு. படி ஏறினால் 3.2. படி இறங்கினால் ஏறக்குறைய 3.5. அறுபது கிலோ மனிதர் படி இறங்குகையில் அவர் முட்டிக்குள் இருநூறு கிலோவுக்கு மேல்!

இருநூறு எங்கிருந்து வருகிறது என்ற கேள்வியில்தான் விஷயம் இருக்கிறது. இறங்கும் எடை அறுபதுதான். மிச்சத்தில் பெரும்பகுதியைத் தருவது தசைகளே. காலை நிறுத்திப் பிடிக்க அவை இழுக்கும் இழுப்பு, மூட்டின் மேலெலும்பையும் கீழெலும்பையும் ஒன்றோடொன்று நெருக்குகிறது. அப்படியானால் தசையை வலுவாக்குவது முட்டிக்கு இன்னும் பாரம் ஏற்றுவது ஆகாதா? படித்தவர்கள் சிலரே இப்படி வாதாடிப் பயிற்சியைத் தவிர்ப்பதைக் கேட்டிருக்கிறேன். மேற்கு ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் ஜவ்வு நறுக்கிக்கொண்ட, வலி ஏதுமில்லாத நூறு பேருக்கு மேற்பட்டவர்களை நடக்கவிட்டு அளந்தார்கள். 2008இல் வந்த முடிவு இது: தொடை வலு குறைந்தவர்களின் முட்டியில்தான் பாரத்தை உள்பக்கமாகச் சாய்க்கும் விசை அதிகமாக இருந்தது. நடக்கும் பாரத்தில் பெரும்பங்கை ஏற்கெனவே சுமப்பது முட்டியின் உள்பக்கம். பெரும்பாலும் ஜவ்வு கிழிவதும் அங்கேதான்.

இதை வைத்து, தொடையை உருட்டித் திரட்டினால் பாரம் குறைந்துவிடும் என்று விளம்பரப் பலகை எழுதுகிறவர்களிடம் எனக்குச் சம்மதமில்லை. அதே ஆண்டு வெளிவந்த இன்னோர் ஆஸ்திரேலிய ஆய்வில், முட்டித் தேய்மானக்காரர்கள் வாரக்கணக்கில் தொடைப் பயிற்சி செய்தும் அந்தச் சாய்க்கும் விசை குறையவில்லை. தசை ஏறினால் மட்டும் போதாது. குதிகால் படும் அந்தக் கணத்தில் அது விழித்துக்கொள்ள வேண்டும், சரியாக விட்டுக்கொடுக்க வேண்டும். மணல்பை தூக்குவதோடு விடாமல் தெரபிஸ்ட் கண்டக்டரை நடக்கவிட்டே பழக்குவது அதனால்தான்.

"முட்டிய விறைக்காதீங்க சார். இறங்கறப்ப லேசா மடங்கட்டும். தொடை புடிச்சுக்கும்."

"புடிக்கலைன்னா?"

"நான் புடிச்சுக்கிறேன்."

கபடிப் பையனுக்கு வருகிறேன். பத்தொன்பது, இருபது வயது. தொடையிலிருந்து கணுக்கால்வரை கறுப்பு பிரேஸ். ரெய்டு போய்த் திரும்புகையில் கால் ஊன்றியிருக்க, உடம்பு மட்டும் திரும்பியிருக்கிறது. அவனுக்குக் கிழிந்தது ஜவ்வின் வெளி ஓரத்தில். ரத்த ஓட்டம் இருப்பது அந்த ஓரத்துக்கு மட்டும்தான், ஆகவே தைத்தால் ஒட்டும். தைத்திருக்கிறார்கள். நறுக்கியவர்கள் ஓரிரு நாளில் காலூன்றி நடக்கலாம். தைத்தவன் வாரக்கணக்கில் கட்டுப்பட்டுக் கிடக்க வேண்டும். நல்ல ஜவ்வைக் காப்பாற்றியதற்கு அவன் தொடையில் வட்டி கட்டிக்கொண்டிருக்கிறான்.

பிரேஸைக் கழற்றி இரண்டு காலையும் நீட்டச் சொல்லி, முட்டிச் சில்லுக்கு மேலே அளந்து பேனாவால் கோடு போட்டு, இஞ்ச் டேப்பைச் சுற்றுகிறார் தெரபிஸ்ட். "வலது நாற்பத்தாறு. இடது நாற்பத்தி மூணு." நோட்டில் எழுதிக்கொள்கிறார். பையன் டேப்பைப் பார்க்கவில்லை. தன் இரண்டு தொடையையும் மாறி மாறிப் பார்க்கிறான், இடதை உள்ளங்கையால் மூடிக்கொள்கிறான். ரெய்டருக்குத் தொடைதானே எல்லாம். சுற்றளவில் குறைவது மூன்று சென்டிமீட்டர் என்றால் பலத்தில் குறைவது அதைவிடப் பெரிய விகிதம், டேப்புக்கு அது அகப்படாது. அதை யாரும் அவனிடம் சொல்லவில்லை, சொல்ல வேண்டியதும் இல்லை.

"குதிகால பின்னால இழுத்து மடக்குற எக்சர்சைஸ் யூடியூப்ல பார்த்தேன்க்கா. பண்ணவா?"

"தொட்டே பார்க்காத. இப்ப வேண்டாம்."

தொடையின் பின்தசைகளில் ஒன்றுக்கு உள்பக்க ஜவ்வின் பின்முனையோடு பிடிப்பு உண்டு. குதிகாலை எதிர்ப்போடு இழுத்தால் தையலும் சேர்ந்து இழுபடும். அவனுக்கு இப்போது அனுமதி இருப்பது துண்டை அமுக்குவதற்கும், காலை நேராக வைத்து ஓரடி உயரம் தூக்கிப் பிடிப்பதற்கும் மட்டும். தூக்குகிறான். நாலாவது தடவையில் தொடை நடுங்குகிறது. பார்த்துக்கொண்டிருந்த கண்டக்டர், "விடாத தம்பி, விடாத" என்கிறார், தன் மணல்பையை மறந்து.

அந்த மணல்பைக்கும் ஒரு பூர்வீகம் இருக்கிறது. 1940களில் சிகாகோவின் இராணுவ மருத்துவமனை ஒன்றில், முட்டி அடிபட்ட சிப்பாய்களின் காலில் இரும்புக் காலணியைக் கட்டி, எடையைப் படிப்படியாக ஏற்றித் தூக்கவைத்தார் தாமஸ் டிலார்ம் என்ற மருத்துவர். லேசாக நிறையத் தடவை செய்வதே வழக்கமாயிருந்த காலம் அது. கனமாகக் கொஞ்சத் தடவை என்றார் அவர். 1945இல் அவர் எழுதிய முறைதான் மார்க்கர் எழுத்தோடு இந்த அலமாரியில் உட்கார்ந்திருக்கிறது.

கழுத்தில் வங்கி அடையாள அட்டையோடு ஒரு பெண்மணி வந்து, உட்காராமல் நிற்கிறார். போன வருஷம் இதே அறைக்கு வந்தவராம், வலி நின்றதும் நின்றுவிட்டவர். இப்போது பிராஞ்சில் லிஃப்ட் பழுது. "ஏறிடுறேன், இறங்கத்தான் முடியல." தெரபிஸ்ட் திட்டவில்லை, மரப்படியைக் காட்டுகிறார். நல்ல கால் முதலில் ஏறும், ஆபரேஷன் கால் முதலில் இறங்கும் என்று பாடம் தொடங்குகிறது. வங்கிக்காரர் இறங்குகையில் மேலே நிற்கும் நல்ல காலின் தொடை மெல்ல இளகி உடம்பைக் கீழே இறக்குகிறது. கால்களை மாற்றிச் செய்யச் சொன்னதும் கைப்பிடிக் கம்பியில் விரல்கள் வெளுக்கின்றன. மூன்றாவது படியில் மொத்த எடையும் ஒரேயடியாகத் தரைக்கு வருகிறது. மரம் முனகுகிறது. வலி இல்லாத ஒரு வருஷத்தில் அந்தத் தொடைக்கு ஒரு வேலையும் வைக்கப்படவில்லை.

பையன் பிரேஸை மாட்டிக்கொண்டே கேட்கிறான். "பொங்கலுக்கு மேட்ச் இருக்குக்கா. ஆடலாமா?"

"இந்தக் கால்ல நின்னு ஒத்தக்காலாத் தாண்டணும். அந்தக் கால் தாண்டற தூரத்துல நூத்துக்குத் தொண்ணூறு இது தாண்டணும். அன்னிக்கிக் கேளு."

பொங்கல் எப்போது, தொண்ணூறு எப்போது என்று அவன் மனக்கணக்குப் போடுவது தெரிகிறது.

பூக்கார அம்மா இறங்கிச் செருப்பைத் தேடுகிறார். கட்டில் உயரம், எழுவது சுலபம். வாசலில் போட்டிருக்கும் தாழ்ந்த பெஞ்சில் உட்கார்ந்து எழுகையில்தான் இரண்டு கையும் தொடையில் ஊன்றுகின்றன. தெரபிஸ்ட் அதைக் கவனித்து நிறுத்துகிறார். ஆசனம் எவ்வளவு தாழ்கிறதோ அவ்வளவுக்கு முட்டி மடங்கும், எழும்போது தொடை அவ்வளவு இழுக்க வேண்டும், அந்த இழுப்பு அத்தனையும் மூட்டின் மேல்தான் இறங்கும். குத்துக்கால் போட்டால் நறுக்கி மிஞ்சிய ஜவ்வின் பின்பக்கம் நசுங்கும். இதையெல்லாம் சொல்லாமல் ஒன்றே ஒன்று சொல்கிறார்.

"கடையில கீழ உட்காராதீங்கம்மா. முட்டி உயரத்துக்கு மேல ஸ்டூல் போட்டுக்குங்க."

"ஸ்டூல்ல உக்காந்து எப்படிப் பூக்கட்டறது? கூடை கீழல்ல இருக்கும்?"

"கூடையையும் ஒரு ஸ்டூல்ல வைங்க."

"ரெண்டு ஸ்டூலா? எனக்கு இருக்கறதே ரெண்டு முழத்து எடம். பக்கத்துல கனகாம்பரக்காரி ஒரு சாண் விட மாட்டா." மருமகள் பக்கம் திரும்புகிறார். "ஏண்டி, அந்த டீக்கடைக்காரன்கிட்ட உயரமா ஒண்ணு உடைஞ்சு கிடந்துச்சே, கால் மட்டும் தச்சா ஆகாது?"

"தச்சா ஆகும் அத்தை. அவன் சும்மா குடுக்கணுமே."

"குடுப்பான். போன மாசத்துப் பூக்காசு நாப்பது ரூவா இன்னும் தரல."